ஏட்டுமாடத்துக்கு ஆள் கேட்ட குன்றக்கோட்டத்துக்கு மறுமொழி

மழை தவறாது பெய்க; கழனி விளைக; கோல் கோணாது நிற்க. ஆழிமுற்றத்து அரியணையில் அமர்ந்து, கடலும் குன்றும் எல்லையாக நாடு காக்கும் கோமகனார் நெடுங்கண்ணர் திருவடி தொழுது, அவர்தம் ஏடுகாவல் அமைச்சன் சாத்தன் நன்னாகன், குன்றக்கோட்டம் உடையாரும் மலைவழிக் காவலரும் வேள்குலத்து மூத்தோருமாகிய கீரங்கொற்றனார்க்கு வணக்கமுடன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டத்தில் யாவரும் நலமென நம்புகிறேன் என்று வழக்கப்படி எழுதவே எழுத்தாணியை எடுத்தேன். அங்கே நலமில்லை என்பதைத் தங்கள் ஓலையிலேயே கண்டபின் அவ்வாறு எழுதக் கை கூசுகிறது.

மேற்கு மேய்ச்சலில் மாடுகளுக்கு வாய்ப்புண்ணும் காய்ச்சலும் கண்டு தொழுவங்கள் வெறிச்சோடிப் போயின என்றும், இந்நோய்க்கு மருந்து சொல்லும் பழைய ஏடு தங்கள் ஏட்டுமாடத்திலேயே இருப்பதாக மாட்டு வைத்தியர் சேந்தனார் உறுதி கூறுகிறார் என்றும், எவ்வளவு தேடியும் அது அகப்படவில்லை என்றும், ஆதலின் நம் ஏட்டுக்கலைக் கழகத்தில் கற்றுத் தேர்ந்த ஒருவரை உடனே அனுப்புக என்றும் எழுதியருளினீர். கிழக்கு மேய்ச்சலையும் நோய் தொட்டுவிட்டால் வரும் பருவத்தில் ஏர் பூட்ட மாடேது, குடிகளுக்குச் சோறேது?

அதற்கடுத்த வரியைப் படித்தபோதோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். வருபவர் நற்குடியிற் பிறந்தவராகவும், இனிய குரலுடையவராகவும், அவை நடுவே அந்தாதி பாட வல்லவராகவும், வயதில் இளையவராகவும், ஆயினும் பல அரண்மனைகளில் நெடுங்காலம் பணிபுரிந்து நரை கண்டவராகவும் இருத்தல் வேண்டுமாம்! இளமையும் நரையும் ஒருங்கே உடைய ஆளை நான் எங்கே போய்ப் பிடிப்பேன் உடையாரே? கழகத்தில் தேறியவர்கள் இப்போதுதான் தேறியிருக்கிறார்கள். எவரும் அமர்த்தாவிடில் அவர்கள் பணியில் பழகுவது எக்காலம்? இதையே ஒவ்வொரு கோட்டத்துக்கும் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. எழுதியதை யாரேனும் படிக்கிறார்களா என்பதும் தெரியவில்லை.

முன்பும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏட்டுமாடத்துக்கு ஆள் வேண்டுமெனில் அவையில் பாட்டுப் போட்டி வைத்து, வென்றவர் கையில் சாவியைக் கொடுப்பது தங்கள் கோட்டத்து வழக்கம். அவ்வழக்கப்படி இன்குரற் பூதனார் சாவி பெற்றார். நல்ல மனிதர், அவர் பாடினால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் அவர் மாடத்துள் நுழைந்து, மருந்து, நிலம், வானம், வழக்கு எனப் பிரித்து அடுக்கியிருந்த சுவடிகளை எல்லாம் கலைத்து, முதலடியின் ஓசை எவ்வளவு இனிக்கிறதோ அந்த வரிசைப்படி அடுக்கி வைத்தார். மாட்டு நோய்க்கு மருந்து எழுதிய முன்னாள் வைத்தியர் எந்த ஓசையில் தொடங்கினாரோ, யார் கண்டார்! சேந்தனார் தாலாட்டையும் தூதுப் பாட்டையும் புரட்டிக்கொண்டு உள்ளே அமர்ந்திருக்க, வெளியே மாடுகள் சாய்ந்துகொண்டிருக்கின்றன.

அப்போட்டி நாளில், கழகத்தில் தேறிய ஆதன் நங்கை என்பவளும் தங்கள் அவையில் நின்றாள், நினைவிருக்கும். பாடச் சொன்னபோது, தனக்குப் பாட வராது என்று பணிவுடன் கூறி, இம்மாடத்துக்கு யார் யார் வருகிறார்கள், எதைத் தேடி வருகிறார்கள், தேடியது கிடைக்காமல் திரும்பியவர் எவர் என்று வினவினாளாம். அவை சிரித்ததாம். பணி கேட்டு வந்தவள் அவையைக் கேள்வி கேட்பது மரியாதைக்கேடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். அந்தக் கேள்விதான் ஐயா அவள் கற்ற கல்வி! வந்தவர்க்கு என்ன வேண்டுமென்று பொறுமையாகக் கேட்டறிந்து, அதை அவர் கையில் சேர்ப்பதற்காகத்தான் கழகத்தில் இத்தனை காலம் கற்பிக்கிறோம். அன்று அவளுக்கு விடை சொல்ல விட்டிருந்தால் முதலில் எழுந்திருக்கக் கூடியவர் சேந்தனார். அவரும் அங்கேதான் கடைசி வரிசையில் இருந்தாராம்.

உப்புத்துறை ஊரவையாரும் ஓர் ஓலை விடுத்திருந்தார்கள். உப்பு விளைக்கும் சிற்றூர், எழுத்தும் கோணல்மாணல். தம்மிடம் உள்ள சுவடிகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டதென்றும், காற்றின் போக்குச் சொல்லும் ஏடு தேடி வரும் படகோட்டிகள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்றும், தங்க வீடும் உண்ண நெல்லும் தருவோம், வேலையில் தலையிட மாட்டோம், வருபவர் புதியவரானாலும் குறையில்லை என்றும் எழுதியிருந்தார்கள். கற்கும்போதே மாணவர்கள் தம்மூரில் ஒரு பருவம் தங்கிப் பழகட்டும் என்று ஆண்டுதோறும் அழைப்பவர்களும் அவர்களே. நங்கை அவ்வாறு தங்கிவந்தவள்; இப்போது அவளையே பெயர் சொல்லிக் கேட்டார்கள், அவளும் மூட்டை கட்டிவிட்டாள். ஆள் எடுப்பது இவ்வளவுதான் உடையாரே, இதில் வித்தை ஒன்றுமில்லை.

தங்கள் ஓலை வந்தபின் அவளை அழைத்துக் கோட்டத்தின் நிலையைக் கூறினேன். தனக்கு வருத்தம் அவையின்மேல் உண்டேயன்றி மாடுகளின்மேல் இல்லை என்றாள்.

ஆதலின் கோமகனார் ஆணையாவது: இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் வாயிலில் நிற்பவள் ஆதன் நங்கையே. அவளை அவையில் நிறுத்தாது நேரே ஏட்டுமாடத்துக்கு அழைத்துச் சென்று சாவியை அவள் கையில் தருக. அன்று அவள் கேட்ட கேள்விக்கு இன்று விடை தருக. அவ்விடையைச் சேந்தனாரே முதலில் சொல்லுக. பூதனார் மனம் நோகாதபடி அவரை அவைப்பாடகராக அமர்த்துக. நோய் அடங்கியபின் அங்கே தங்குவதும் உப்புத்துறைக்குச் செல்வதும் அவள் விருப்பம். அவள் தங்கவேண்டும் எனத் தாங்கள் நினைத்தால் உப்புத்துறையார் கேட்டதுபோல் கேட்டுப் பாருங்கள்.

அவளை வண்டியில் அனுப்பினால் பூட்டிய மாடுகளுக்கும் நோய் தொற்றும் என்று அஞ்சி, உப்புத்துறையார் அனுப்பிய படகிலேயே ஆற்றுவழி விடுத்தேன். சங்கு முத்திரை இட்டு, அரக்கு ஆறுமுன் கட்டிய ஓலை இது. கோல் வாழ்க, குடி வாழ்க, கன்று காலி பிழைக்க. படகைத் துறையில் கட்டாமல் கழியூன்றி நிற்கும்படி படகோட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். அவளைப் பாடச் சொன்னதாகக் காதில் விழுந்தால், அவளை ஏற்றிக்கொண்டு அப்படியே உப்புத்துறைக்குத் திரும்பிவிடுவான்.