செத்த கல்லுக்கு உயிர்

மே 4, திங்கள்

விடுமுறை. என்னைத் தனியாக விட்டால் வீடு மிஞ்சாது என்று அம்மா தன் ஆய்வகத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே அவள் வேலை, முந்நூற்று ஐம்பது கோடி வருஷத்துக் கல்லில் உயிர் இருந்த தடயம் தேடுவது. எலும்பு கிலும்பு எல்லாம் கிடையாது. அன்றைய உயிர் கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்தான். அது போய்ச் சேர்ந்தாலும் அதன் கரி கல்லுக்குள் தங்குமாம். அந்தக் கரியில் கனம் குறைந்த வகை தூக்கலாக இருக்குமாம்.

“ஏம்மா?”

“உயிருக்குச் சோம்பேறித்தனம்டி. லேசானதைத்தான் முதல்ல எடுத்துக்கும்.”

நன்றாகப் புரிந்தது. நானும் உயிர்தானே.

மே 6, புதன்

சோப்பைக் கல் மாதிரியே செதுக்கி அம்மாவின் தட்டில் வைத்தேன். கழுவினாள். நுரைத்தது. ஆய்வகமே சிரித்தது, அம்மாவைத் தவிர.

மே 12, செவ்வாய்

போச்சு! அம்மாவின் கல்லோடு ஒரு ‘செத்த கல்’லும் எல்லாச் சோதனைக்கும் போகும். உலையில் சுட்டுக் கரியையெல்லாம் எரித்த கல். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் வெளி அழுக்கு புகுந்துவிட்டதாக அர்த்தம். மொத்த முடிவும் குப்பை. இன்று அதில் உயிர்த் தடயம் அமோகம்!

அம்மாவின் பல வருஷ உழைப்பு. இன்னொரு தடவை சொதப்பினால் வேறு குழுவுக்குக் கல்லைக் கொடுத்துவிடுவாராம் ஆய்வகத் தலைவர் (நான் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி).

எல்லாக் கண்ணும் என் மேல்.

“நான் இல்லம்மா!”

“சோப்பு வச்சப்பவும் இதே மூஞ்சியத்தான்டி வச்சிருந்தே.”

வாழ்க்கையில் முதன்முறையாக நிரபராதி. ஒரு ஆள்கூட நம்பல. என்ன கொடுமை!

மே 13, புதன்

வீட்டில் அம்மா தட்டை டொக்கென்று வைத்தாள், நான் கதவை டமாரென்று சாத்தினேன். ஃப்ரிட்ஜ்கூட உறுமியது.

மே 14, வியாழன்

திட்டு வாங்கியாச்சு, சும்மா இருப்பானேன்? சோதனைக்கு முன்பு எடுத்த படங்களைப் புரட்டினேன். செத்த கல்லின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. பெரிதாக்கினால் — மார்க்கர் பேனா! கல்லின் நம்பரை டப்பாவில்தான் எழுத வேண்டும், கல்லில் கூடவே கூடாது. எனக்கே தெரியும்.

“யாரும்மா இது?”

பார்த்தாள். பொத்தென்று உட்கார்ந்தாள்.

“நான்தான்டி. எல்லாத்துலயும் போட்டேன்.”

“எதுக்கு?”

“நீ கல்லை மாத்திட்டா கண்டுபிடிக்கத்தான்.”

மை பெட்ரோலியச் சரக்கு. பெட்ரோலியம் பழங்கால உயிர்ச் சரக்கு. அதே லேசான கரி! கல்லுக்கு உயிர் கொடுத்தவள் அம்மா, அம்மாவுக்குப் பயம் கொடுத்தவள் நான். அழ வேண்டிய நேரத்தில் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அம்மா போய்த் தலைவரிடம் உள்ளதைச் சொன்னாள்.

“உங்க பொண்ணை வீட்லயே விடக்கூடாதாம்மா?”

“தப்பைக் கண்டுபிடிச்சதே அவதான் சார்.”

மே 18, திங்கள்

புதிதாக வெட்டிய துண்டுகள். குறி இல்லை. அம்மா தட்டை என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். வேண்டுமென்றே! கை நமநமவென்றது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். இதற்கு அம்மா என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

மே 22, வெள்ளி

செத்த கல் செத்தே கிடக்கிறது. பழைய கல்லில் லேசான கரி தூக்கல்!

“அப்போ உயிர்தானே?” என்று குதித்தேன்.

“இருக்கலாம்” என்றார் தலைவர். “இருக்கலாம்” என்றாள் அம்மா, கண் கலங்க. இவர்கள் உலகத்தில் ஆட்டம் பாட்டம் என்றால் இவ்வளவுதான் போல.

பஸ்ஸில் அம்மா கேட்டாள்: “திங்கக்கிழமை அடுத்த கல் வெட்டறோம். நீயும் வர்றியா?”

“வரலாம்” என்றேன்.