சாம்பல் பெயிண்டுக்கு அடியில்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் நலமா? நான் கூப்பிட்டால் அக்கா போனை எடுப்பதே இல்லை. கடிதத்தையாவது கையில் எடுக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நூலக மண்டபத்துக் கூரையில், விரிசல் விட்ட உத்திரத்தின் மூட்டில் கண்ணாடி இழைத் துணியும் பிசினும் போட்டுச் சுற்றினேனே, அது போன வருடம் உப்பி இன்னும் அப்படியே நிற்கிறது. கீழே முட்டுக் கொடுத்து, மண்டபத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம். இப்போதுதான் நூலகக் கமிட்டி பிரித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது. நான் இன்ஜினியர் என்று பெயர்தான், உங்கள் கையை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. பழசை மனதில் வைக்காமல் வாருங்கள்.

உங்கள் மச்சினன்

மார்ச் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா கடிதத்தைப் படித்து, என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குக் கோபம் ஆறவில்லை. எனக்கு எப்போதோ ஆறிவிட்டது.

மரம் காய்ந்துவிட்டதாக நான் சொன்னேன் என்று கமிட்டியிடம் நீ சொல்லி, அவர்கள் என்னை வேலையை விட்டு நிறுத்தியபோது வயிறு எரிந்தது உண்மை. ஈரம் காயவில்லை, பொறு என்று அந்த மூட்டிலேயே பென்சிலால் எழுதிவிட்டுத்தானே அன்று மரக்கடைக்குப் போனேன். திறப்பு விழா அவசரத்தில் நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். அப்புறம் பயத்தில் வாய் உளறியிருக்கும். இப்படி நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இங்கே பெட்டி அடிக்கும் வேலை. கூரையில் ஏறக் கை துறுதுறுக்கிறது. வருகிறேன். அதற்குள் துணியை லேசாகச் சூடு காட்டி உரித்து வை.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 20

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று ஏறி, துணி மேல் இருந்த சாம்பல் பெயிண்டைச் சுரண்டினேன். பிசினில் ஊறிய துணி கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் எழுத்து அப்படியே இருக்கிறது. "மாப்ளே, ஈரம் 24. மூணு வாரம் பொறு. இப்ப சுத்தாதே."

அன்றே அதைப் படித்தேன் அத்தான். படித்துவிட்டுத்தான் சுற்றினேன். சுற்றிய பிறகும் பளிச்சென்று தெரிந்ததால்தான் பெயிண்ட் அடித்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் நீங்கள் நினைத்தபடியே இருந்துவிடும். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அது என்னால் முடியவில்லை.

கமிட்டிக்காரர்களை மேலே ஏற்றிக் காட்டிவிட்டேன். என் வேலை போனாலும் போகட்டும். வெட்கமாக இருக்கிறது. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாடி அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மச்சினன்

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய இன்ஜினியர் ஐயா அவர்களுக்கு,

கமிட்டியின் கடிதம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வருகிறேன். முட்டுக் கட்டைகளை எடுக்க வேண்டாம். மரத்தின் ஈரம் பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கும்வரை புதுத் துணி சுற்ற வேண்டாம். கூரான விளிம்பில் சுற்றினால் இழை முறியும். விளிம்பைச் சீவி உருண்டையாக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

தங்குவதற்கு வேறு இடம் பார்த்துவிட்டேன். மாடி அறை தேவைப்படாது.

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் காட்டவில்லை. உன் தம்பி என் எழுத்தைப் பார்த்திருக்க மாட்டான் என்று ஒரு வருடமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இப்படிக்கு,
தச்சர்