நாலு விரல்

மாமா, நேற்று மாலை வாசலில் சுட்ட இரும்பு வாசனை. நீங்கள்தான் பட்டறையிலிருந்து வந்துவிட்டீர்கள் என்று எழுந்தேவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் இரும்பைச் சுட்டதே இல்லையே.

உங்கள் காரை நம் பேத்தி எழுப்பிவிட்டாள். எல்லாரும் எடைக்குப் போடச் சொன்ன வண்டி. இந்த மைசூரில் இப்படி இன்னொரு பெண்ணைக் காட்டுங்கள் பார்க்கலாம்! முறிந்த பட்டைக்கு மாற்று தேடி, பின்பாரத்தைத் தாங்கும் மற்ற தொய்ந்துபோன கமான் பட்டைகளையும் வில்லாக வளைத்து வாங்கி வந்து மாட்டியிருந்தாள். வண்டி நிமிர்ந்து நின்றது. பெருமையோடு குனிந்து பார்த்தேன். பட்டைகளில், சுட்ட இரும்பில் ஏறும் நீலம் ஓடியிருந்தது.

"சுட்டா வளைச்சாங்க, கண்ணு?"

"கேஸ் வெச்சு, பாட்டி. சட்டுனு முடிச்சுட்டாங்க."

நீங்கள் சுடாமல், சுத்தியலால் தட்டித் தட்டியே வளைப்பீர்கள். தெருவே காதைப் பொத்தும். "சுட்டா சீக்கிரம் வளையும் புள்ள. சீக்கிரமே தொய்ஞ்சு உட்கார்ந்துக்கும்" என்பீர்கள். மாட்டியதும் டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றி, பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் கையை வைக்கச் சொல்வீர்கள். நாலு விரல் நுழைந்தால்தான் வண்டி கிளம்பும். "உன்னைக் கட்டுனதே இந்தக் கைக்குத்தான்" என்று கேலி வேறு.

கடைசி நாளில் மூன்று விரல்தான் நுழைந்தது. கோபிநத்தத்தில் உங்கள் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது. வேறு யாராவது கன்னடத்தில் "ஏனாகல்ல" என்றால் எரிந்துவிழுவீர்கள். அன்றைக்கு நீங்களே, "ஏனாகல்ல புள்ள, ஒண்ணும் ஆகாது" என்று தனியாகக் கிளம்பினீர்கள். ஹனூர் தாண்டி மலை வளைவில் பட்டை முறிந்தது. வண்டி மட்டும் லாரியில் திரும்பி வந்தது.

இன்று அதே ரோட்டில், அதே ஊருக்கு, நம் பேத்தி கிளம்புகிறாள். நேற்றே மூட்டை ஏற்றச் சொன்னேன்.

"எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தபடி ஏற்றினாள். அப்போது நாலு விரல் தாராளமாக நுழைந்தது. விடிந்ததும் போய்க் கை வைத்தேன். இரண்டு விரலுக்கே இறுக்கியது.

"வேற பட்டை மாட்டு கண்ணு, அப்புறம் போ."

"ஐயோ பாட்டி, ஏனாகல்ல!"

உங்கள் குரல் அப்படியே, மாமா.

இப்போது வீடெல்லாம் கவிழ்த்துத் தேடுகிறாள். சாமி மாடத்தைக்கூட விடவில்லை. தேடட்டும், என்னோடு பேசாமல்கூடப் போகட்டும். வாசலில் உங்கள் வண்டி, நான் இதை எழுதும்போதே, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. சாவி என் முந்தானை முடிச்சில் இருக்கிறதுங்க.