உன் அப்பாவை முந்திய ஞாயிறு

ரொங்காவேரா
செப்டம்பர் 29

அன்புள்ள மொரேனாவுக்கு,

வாரம் தவறாமல் போனில் பேசிக்கொள்கிற நமக்குள் எதற்குக் கடிதம் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். மன்னித்துக்கொள். போனில் நீ என்ன விசேஷம் என்பாய், நான் ஒன்றுமில்லை என்பேன், அதோடு முடிந்துவிடும். எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு வாய் திறக்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா சைக்கிளை ஆணியில் மாட்டிவிட்டார். இங்கே எல்லோரும் ஓய்வு பெறுவதற்குப் பேச்சுக்குச் சொல்வோமே, அப்படி இல்லை. கேரேஜ் சுவரில் நிஜமாகவே ஆணி அடித்து மாட்டினார். காரணம் நான். இப்போது இறக்கிவிட்டார், அது இன்னும் மோசம். எர்மெஸ் உனக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தால் அதில் பாதியை நம்பாதே. அந்த மனிதர் குழாய் ரிப்பேருக்குப் போன வீட்டிலெல்லாம் ஒரு கதை கூடுதலாகச் சொல்லிவிட்டு வருகிறவர்.

நீ நியூசிலாந்துக்குப் புறப்பட்ட அன்று உன் சைக்கிளை என் பக்கம் தள்ளிவிட்டு, “சும்மா நின்னா துருப்பிடிச்சுடும், நீயும் அப்படித்தான்” என்று சொன்னாய். அந்தக் கோபத்தில்தான் மே மாதம் உன் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த அந்தச் சைக்கிள் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு லுயிஜினாவின் காபிக் கடை வாசலில் ஒரு ஓரமாக நின்றேன். எட்டு ஆண்கள், நான் ஒருத்தி. லுயிஜினா உள்ளே காபி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினாள்: “இலேனியா, அந்த ட்ரவுசருக்குள்ள வேற ஏதாவது போட்டிருக்கியா? போட்டிருந்தா உள்ள வந்து கழட்டிட்டுப் போ. இல்லன்னா சாயங்காலம் உக்காரவே முடியாது.” எட்டு ஆண்களும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான் உள்ளே போனேன். வேறு என்ன செய்ய.

அம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மலை இறங்கும்போது நெஞ்சில் காற்றுப் பட்டால் நான் பிழைக்க மாட்டேன் என்பது அவள் தீர்ப்பு. சர்ச்சில் கொடுக்கிற செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் திணித்துவிட்டாள். வியர்வையில் மை ஊறி, வீட்டுக்கு வந்து குளிக்கும்போது பார்த்தால் என் வயிற்றில் பிஷப் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொண்டு ஓட்டுவதை நீ ஏன் என்னிடம் முன்பே விளக்கவில்லை? பூட்டுவது சுலபம். நிறுத்துவதற்கு முன் குதிகாலைத் திருப்பி விடுவிக்க வேண்டும் என்பது நின்ற பிறகுதான் நினைவுக்கு வருகிறது. சர்ச் முடிந்து ஊர் முழுக்க வெளியே வந்து நிற்கிற நேரம், நான் பிரேக் பிடித்தேன், நின்றேன், அப்படியே மெதுவாகச் சாய்ந்தேன். எல்லோரும் பார்க்கத் தேவையான அவகாசம் கொடுத்துச் சாய்ந்தேன். கீழே கிடந்தபோதும் இரண்டு கால்களும் பெடலிலேயே இருந்தன. எர்மெஸ் என் தலைக்கு மேல் குனிந்து, “டாக்டரம்மா, அஞ்சு வருஷம் படிச்சீங்களே, கால எப்படி எடுக்கறதுன்னு ஒரு பாடம்கூட வெக்கலையா?” என்று கேட்டார். நூலகவியல் படித்ததற்கு டாக்டரம்மா. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்பதால் அம்மா அந்தப் பெயரை யாரையும் மறக்க விடுவதில்லை.

அதற்குப் பிறகு குழி விவகாரம். சாலையில் குழி வந்தால் முன்னால் போகிறவர் “குழி” என்று கத்த வேண்டும், அடுத்தவர் கத்த வேண்டும், அப்படியே கடைசி வரை. நான் எப்போதும் கடைசி. என் பின்னால் யாருமில்லை. ஆனாலும் விதி என்று நினைத்து, காற்றுக்குக் கேட்கிற அளவுக்கு “குழி” என்று சொல்லிக்கொண்டே வருவேன். ஜூலையில் ஒருநாள் என்னை முன்னால் விட்டார்கள். குழி வந்தது. சொன்னேன். அதே அளவுக்குச் சொன்னேன். எர்மெஸுக்கு இரண்டு டயரும் போயிற்று. ட்யூபை மாற்றிக்கொண்டே, “நூலகத்துல குழி விழுந்தா அந்தச் சத்தம் போதும். ரோட்டுல கத்தணும் தாயே” என்றார். மறு வாரம் கத்தினேன். பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

இனி அந்த ஞாயிறு.

மலையெல்லாம் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பும்போது, ரொங்காவேரா என்று எழுதிய பலகையைக் கடைசி வளைவிலிருந்து யார் முதலில் தாண்டுகிறார்கள் என்று ஒரு ஓட்டம் உண்டு. உனக்கு அது நடக்கப் பழகுவதற்கு முன்பே தெரிந்திருக்கும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பல்கலைக்கழகத்திலும் எனக்கு இதே கதிதான். நான் அதுவரை கடைசி ஏற்றத்திலேயே பின்தங்கிவிடுவேன், அவர்கள் பாதிக் காபியைக் குடித்த பிறகு வந்து சேருவேன். அதனால் அந்த ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு முதல் முறையாகக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். அறுவடை நேரம் அல்லவா, வழியெல்லாம் திராட்சை வண்டிகள், வண்டிகளைச் சுற்றிக் குளவி. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் சான்தே அண்ணனின் ஹெல்மெட்டுக்குள் ஒன்று புகுந்து, அவர் காது வீங்கியிருந்தது. வளைவு திரும்பியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பெடல் மேல் எழுந்து நின்று பறந்தார்கள். குளவிக்கூடு கலைந்துவிட்டது என்று நினைத்தேன். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். ஒருவர் ஒருவராக எனக்குப் பின்னால் போனார்கள். “நில்லுடி, ஏய், நில்லு” என்று எர்மெஸ் கத்தினார். குளவிக்கு யாராவது நிற்பார்களா?

உன் அப்பா எல்லோருக்கும் முன்னால் இருந்தார். பலகை பத்தடியில். ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து, பந்தயத்தில் ஜெயிக்கிறவர்கள் போட்டோவுக்குச் செய்கிற மாதிரி சட்டை ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, தொப்பை தெரியாமல் நிமிர்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். நான் அந்தக் கைக்கு அடியில் புகுந்து போனேன்.

கடையில் நடந்ததுதான் என் மனதை அறுக்கிறது. ஜெயித்தவருக்கு முதல் காபி, ஜன்னலோர நாற்காலி. லுயிஜினா பழக்க தோஷத்தில் காபியை உன் அப்பா முன்னால் வைத்தாள். அவர் அதை என் பக்கம் நகர்த்தி, “சட்டம்னா சட்டம்தான். குடி பொண்ணே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். எர்மெஸ் சமாதானம் செய்யக் கிளம்பினார்: “விடுங்க ஒலிந்தோ, பாவம், அதுக்குத் தெரியாதுல்ல, நாம வழக்கமா விட்டுக்குடு...” அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

“வழக்கமா?” என்று உன் அப்பா கேட்டார்.

எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். சர்க்கரையே போடாத சான்தே அண்ணன் கரண்டியால் கலக்கினார்.

“எவ்வளவு நாளா?”

எர்மெஸ் மெல்ல, “முட்டி ஆபரேஷனுக்கு அப்புறந்தான்” என்றார்.

“அதுக்கு முன்னாடியுந்தான்” என்று லுயிஜினா சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

உன் அப்பா ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஏறி ஓட்டவில்லை, மொரேனா. தள்ளிக்கொண்டு போனார். அன்று மாலைதான் ஆணி.

ஊரில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரொட்டிக் கடைக்காரி என் கையைத் தட்டிக்கொடுத்து, வேண்டுமென்றே செய்திருக்க மாட்டாய் என்கிறாள். அம்மாதான் நேராகச் சொன்னாள்: “ஊர்ல மதிப்பா இருக்கற மனுஷன், அவரோட கக்கத்துக்குக் கீழ பூந்து வர்றதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?” ஒரு தட்டு நிறையக் கோழிக்கறி செய்து, மூடிக் கையில் கொடுத்து, உங்கள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க அனுப்பினாள்.

உன் அம்மா கதவைத் திறந்ததும் தட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவர எப்படியாவது ரோட்டுக்கு அனுப்பு. ஞாயித்துக்கிழமை வீட்ல உக்காந்துக்கிட்டு என் அலமாரியெல்லாம் ஒழுங்குபடுத்தறார். முள்கரண்டி எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. இன்னும் ரெண்டு ஞாயிறு இப்படிப் போனா நான் மொரேனாகிட்டப் போயிடுவேன்.” தயாராக இரு.

உன் அப்பா சமையலறையில் பாத்திர மூடிகளைப் பெரிசு சிறிசாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு? ஜெயிச்சதுக்கா?” என்றார். பிறகு, கறிக்கடையில் எலும்பு எவ்வளவு வேண்டும் என்று கேட்பாரே அதே குரலில், “உண்மையச் சொல்லு. முழு பலத்தோட மிதிச்சியா?” என்று கேட்டார்.

எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும். வாய் தானாகச் சொல்லிவிட்டது: “இல்ல. வளைவுல கொஞ்சம் பிரேக் பிடிச்சிருந்தேன்.”

உள்ளே உன் அம்மா “ஐயோ கடவுளே” என்றது கேட்டது. உன் அப்பா கையிலிருந்த மூடியை வைத்தார். கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. “என் கடையில தராசுல ஒரு நாள் விரல் வெச்சதில்ல. அந்தப் பசங்க எனக்கு இத்தன காலமா விரல் வெச்ச எடையக் குடுத்திருக்கானுங்க. நீ ஒருத்திதான் சரியா நிறுத்திருக்க” என்றார். எழுந்து போய்ச் சைக்கிளை இறக்கினார்.

இப்போது நிலைமை இதுதான். அக்டோபர் கடைசி ஞாயிறு, சைக்கிள் சங்கத்து விருந்துக்கு முந்தைய கடைசிச் சவாரி. வளைவிலிருந்து பலகை வரை அவரும் நானும் மட்டும். மற்றவர்கள் பின்னால் வர வேண்டும். முழு பலத்தோடு மிதிப்பேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். “பிரேக்குல விரல் இருக்கான்னு பாத்துக்கிட்டே வருவேன்” என்றும் சொல்லியிருக்கிறார். பயப்படாதே, மருத்துவரிடம் காட்டியாயிற்று. இதயம் காளை மாட்டுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறதாம். கேரேஜில் சக்கரத்தை உருளையில் ஏற்றி வைத்துக் காலையும் மாலையும் மிதிக்கிறார். சலாமி இறைச்சியை நிறுத்திவிட்டார். உன் அப்பா, சலாமியை.

விஷயம் வெளியே கசிந்ததும் ஆள் மாற்றி ஆள் என்னிடம் வருகிறார்கள். எர்மெஸ் பிறந்ததிலிருந்து முதல் முறையாக நூலகத்துக்குள் காலெடுத்து வைத்து, அகராதி அலமாரிக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார்: “ஒரு சின்ன பஞ்சர். நான் பாத்துக்கறேன். கடவுளுக்குக்கூடத் தெரியாது.” லுயிஜினாவின் யோசனை வேறு: “மொத நாள் ராத்திரி என் கடையில காளான் சாப்பிட்டேன், வயிறு சரியில்லன்னு சொல்லிடு. என் கடை பேரு கெட்டாலும் பரவால்ல.” அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறாள். எல்லோருக்கும் அவர் மேல் பிரியம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

உன் அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. நேற்றுத் தெருவில் பார்த்தபோது, “இப்பல்லாம் பாடிக்கிட்டே மாடி ஏறறார். ஆபரேஷனுக்கு அப்புறம் இப்பத்தான் கேக்கறேன்” என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. புதன்கிழமை நூலகத்தைப் பூட்டிவிட்டுத் தனியாக அந்த வளைவு வரை போனேன். குளவி இல்லை, துரத்த யாருமில்லை. பிரேக்கைத் தொடாமல் பலகை வரை மிதித்தேன். தாண்டியதும் இரண்டு பக்கமும் பார்த்தேன், ஒருவருமில்லை. ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். பட்டமளிப்பு அன்று எல்லோரும் கை தட்டியபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அது போல் இல்லை இது. எனக்கு அந்தப் பலகை வேண்டும், மொரேனா. பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், ஆனால் அது வேண்டும்.

அவருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினால் என் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மீறாவிட்டால், ஊரே பார்க்க, உன் அப்பாவை இரண்டாவது முறையாகப் பின்னால் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். அவரே ஜெயிக்கவும் கூடும். சாப்பிடாமல் விட்ட அந்தச் சலாமியெல்லாம் சும்மாவா போகும். ஆனால் அதை நம்பிக்கொண்டு நான் வளைவில் திரும்ப முடியாது.

இங்கே எல்லோரும் ஏதாவது சொல்லிவிட்டார்கள். சொல்ல உரிமையுள்ள நீ மட்டும் கடல் தாண்டி இருக்கிறாய். அதனால் கேட்கிறேன். கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள், கடைசி ஞாயிறுக்கு நேரம் இருக்கும். பதிலுக்குக் கடிதம் வேண்டாம், போனில் ஒரே ஒரு வார்த்தை போதும். அவருடைய மகளாக இருந்து சொல்: உன் அப்பாவை முந்திப் போக எனக்கு அனுமதி கொடு.

உன்,
இலேனியா