பவதாரிணியின் பிறந்தநாளுக்கு யார் சமைப்பது

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு, ஆனையூரிலிருந்து உன் சித்தப்பன் சுருளி எழுதிக்கொள்வது. நீயும் கனகலட்சுமியும் பேத்தி பவதாரிணியும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று தினமும் பாண்டிகோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிடுகிறேன். இங்கே எனக்கும் உன் சித்தி தங்கப்பொண்ணுக்கும் கை கால் சுகம். மனசு சுகமா என்றால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், உன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள். அதனால்தான் எட்டாங்கிளாஸ் படித்த கையால் எழுதி உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோகாதே. எட்டாங்கிளாஸில் நான்தான் முதல் மார்க் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், இரண்டாவது என்றும் ஒரு பேச்சு உண்டு, அதை விடு.

தை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் மூன்றாவது பிறந்தநாளை மதுரையில் வைக்கவேண்டும் என்று நீ சொன்ன அன்றே மண்டபம் பிடித்துவிட்டேன். ஐந்நூறு பேர் உட்காரலாம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், நெருக்கி உட்கார்ந்தால் இருநூறு பேர். கேக்கு மூன்று அடுக்கு, மேலே மயில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சமையலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, முப்பது வருஷமாக ஊரான் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அண்டா ஏற்றி இறக்கியவன் பேத்தி விசேஷத்துக்கு ஆள் தேடுவானா? மேலூர் ரோட்டில் ஒரே நாளில் மூவாயிரம் பேருக்குப் பிரியாணி போட்டவன் நான். சரி, ஆயிரத்து எண்ணூறு. என் கைச் சோறு சாப்பிட்ட மந்திரிகள் மட்டும் நாலு பேர், அதில் ஒருவர் மந்திரியின் டிரைவர்.

அந்தப் போனில் கனகலட்சுமி என்ன சொன்னாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "மாமா, எங்கம்மா வாரேன்னு சொல்லிருச்சு மாமா, நீங்க ஒரு எட்டுப் போயி மொறையாக் கூப்புட்டுருங்க" என்றாள். உங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த அன்றைக்கு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தவன். நாலு வருஷமாகப் பெற்ற தாய் முகத்தைப் பார்க்காத பிள்ளை அந்தக் குரலில் கேட்டால் நான் டி. கல்லுப்பட்டிக்கு அல்ல, டெல்லிக்கே போவேன். அடுத்த வெள்ளிக்கிழமையே தட்டில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், ஆறு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு நானும் உன் சித்தியும் போனோம்.

உன் மாமனார் சின்னச்சாமி வாசலுக்கே வந்து கூப்பிட்டார். உட்கார நாற்காலி, ஃபேன், காப்பி எல்லாம் நடந்தது. அவர்கள் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்கள், எங்களுக்குப் பேப்பர் கப். நான் அதை மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன், பெரிய ஆபீஸ்களில் அப்படித்தானே கொடுக்கிறார்கள். பேச்சு முழுக்க என்னை மாஸ்டர், மாஸ்டர் என்றார், சம்பந்தி என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை, அதையும் என் தொழிலுக்குக் கிடைத்த பட்டம் என்று மடியில் கட்டிக்கொண்டேன். கிளம்பும்போது, "மாஸ்டர், காலம்பூராம் ஊருக்கு ஆக்கிப் போட்டீக, அன்னைக்கு ஒருநா நீங்க ஒக்காந்து சாப்புடுங்க, சமையலுக்கு நம்ம ஆளுகளக் கூட்டியாரேன், பாத்திரமும் நம்மளுது" என்றார். அப்படியே கையெடுத்துக் கும்பிட்டேன் தமிழு. இத்தனை வருஷத்தில் என்னை உட்காரச் சொன்ன முதல் மனுஷன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் உன் சித்தி வாய் திறக்கவில்லை. நான்தான் திருவாதவூரிலிருந்து ஆனையூர் வரை சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டு, என் சம்பந்தி பன்னிரண்டு சமையல்காரர்களையும் இரண்டு லாரி பாத்திரத்தையும் அனுப்புகிறார், எனக்கு ராஜா வீட்டு உபசாரம் என்று அளந்தேன். உண்மையில் நாலு பேர், ஒரு குட்டியானை வண்டி.

போன செவ்வாய்க்கிழமை அழகுபாண்டி வந்தான். உனக்குத் தெரியும், என்னோடு பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாக ஆர்டர் எடுக்கிறானே, அவனேதான். சின்னச்சாமி பிடித்திருக்கிற சமையல்காரன் அவன், அவர்கள் சாதிக்காரன்தான். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன் என்கிறான். "அண்ணே, என்னையத் தப்பா நெனைக்காதீக. ஒங்க வீட்டு ஆளுக ஒருத்தரும் அடுப்படிக்குள்ள வரப்படாது, பந்தியிலயும் பரிமாறப்படாது, தண்ணி பாட்டுலக்கூட எங்க ஆளுகதே எடுத்து வைக்கணும்னு சொல்லிப்புட்டாக. அப்புடின்னாதே சாதிசனம் கைநனைக்குமாம். நாளைக்கு வாசல்ல வச்சு ஒங்கள நான் மறிக்க முடியுமாண்ணே?" என்றான். நான் சிரித்து மழுப்பினேன். உன் சித்தி அடுப்படியிலிருந்து, "ஏய்யா, ஒனக்கு அவுக லீவு குடுக்கல, வெளிய நிக்கச் சொல்லிருக்காக. எனக்கு அன்னைக்கே தெரியும். நீ அம்புட்டு சந்தோசமா இருந்தியேன்னுதே பேசாமக் கெடந்தேன்" என்றாள். அழகுபாண்டி போடும் சுக்கா என் மசாலா, என் பக்குவம், உப்பு போடும் அளவுகூட என்னுடையது. என் ருசி அவர்களுக்கு ஆகும், என் கை ஆகாது.

சின்னச்சாமிக்குப் போன் போட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர், நான் எங்கனயும் சாப்புடுற ஆளு. கூட வாரவன் வாய அடைக்கணும்ல. ஒருநா அடுப்படிப் பக்கம் வரலைன்னா என்ன கொறஞ்சா போவீக?" என்றார். நான் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கேட்கவில்லை அய்யா. சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அழகுபாண்டியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவருக்கும் போன் போட்டு, பேத்தி விசேஷத்துக்கு நான்தான் சமைக்கிறேன், நீங்கள் எல்லாரும் வரவேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஆகட்டும் பார்ப்போம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் உன் மாமியார் முத்துத்தாய் சித்திக்குப் போன் போட்டு அழுததாம். முதல் தடவையாக மதினி என்று கூப்பிட்டதாம். "எம்மகளப் பாத்து நாலு வருசமாச்சு மதினி, பேத்தியத் தொட்டதுகூட இல்ல, அண்ணன்கிட்டச் சொல்லிக் கொஞ்சம் விட்டுக்குடுக்கச் சொல்லுங்க" என்று. உன் சித்தியும் கூடச் சேர்ந்து அழுதாள். அழுதுகொண்டே, "வாங்க மதினி, மண்டபம் தொறந்தேதே கெடக்கும். அடுப்பத்தே விட்டுக்குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

விசேஷமே வேண்டாம் என்று நீ சொன்னால் அதற்கும் கட்டுப்படுகிறேன், மண்டபத்தை விட்டுவிடலாம், கோயிலில் ஒரு அர்ச்சனையோடு முடித்துக்கொள்வோம். ஆனால் விசேஷம் நடந்தால் அண்டா ஏற்றுவது நான்தான். என் பேத்தி விசேஷத்தில் நான் வெளியே நின்று, உள்ளே என்ன வேகிறது என்று மோந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி கனகலட்சுமி விஷயம். அப்பாவும் அம்மாவும் ஏன் வரவில்லை என்று கேட்பாள். பிளக்ஸ் போர்டில் சித்தப்பா தன் படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டுக்கொண்டு அவர்கள் படத்தை ஸ்டாம்பு சைஸில் போட்டார், அதில் பேச்சு தடித்துப்போனது என்று சொல். வாய்க்கொழுப்பில் கெடுத்துவிட்டார் என்று என் தலையில் போடு. என்னைப் பற்றி இதைச் சொன்னால் யாரும் நம்புவார்கள். அவளுக்கு நிஜம் தெரியாமல் இருக்காது, அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதானே. தெரிந்தாலும் உன் வாயிலிருந்து வரவேண்டாம். நான் எவ்வளவோ பொய்யை வீண்பெருமைக்குச் சொல்லியிருக்கிறேன், இந்த ஒன்றாவது அந்தப் பிள்ளைக்கு உதவட்டும். ஒரு மாசம் என்னோடு பேசாமல் இருப்பாள், இருக்கட்டும்.

விமானத்தில் வரும்போது பாப்பாவுக்குக் காதில் பஞ்சு வைத்துக் கூட்டி வாருங்கள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க நானும் சித்தியும் வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒன்று எழுது, பாப்பாவுக்கு எம்புட்டுக் காரம் ஆகும்? அவளுக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டி வைக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த சித்தப்பன்
சுருளி