மப்ளருக்கு எழுதிய விளக்கம்

நந்திதுர்க்
4 நவம்பர் 2024

அன்புள்ள மமதா,

நான் சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்தவள் அல்ல. ஏல இணையதளத்தில் என் மப்ளரின் படத்துக்குக் கீழே நீ அப்படி எழுதியிருப்பதை எதிர்வீட்டுப் பவ்யா தன் போனில் காட்டினாள். அவளை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு நானே படித்தேன்.

உன் மாமா முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் இறங்கினார். இறங்கிய ஒவ்வொரு ஷிப்டிலும் மேலே ஏறி வந்தார். சுரங்கத்தை மூடிய பிறகும் பதினைந்து வருடம் வீட்டில் இருந்தார். 2016 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, முன்னறை இரும்புக் கட்டிலில், நெஞ்சுச் சளியால் இறந்தார். நீ அந்த அறையில் இருந்தாய். உனக்குத் தெரியாததை எழுதியிருந்தால் மன்னிக்கலாம். தெரிந்ததை மாற்றி எழுதியிருக்கிறாய்.

'நடுங்கும் விரல்களால் பின்னியது' என்கிறாய். என் விரல்கள் நடுங்குவதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பின்னலைப் பார்.

'தினமும் அவரோடு பாதாளத்துக்கு இறங்கிய மப்ளர்' என்பது எல்லாவற்றையும்விட மோசம். பெங்களூரில் இருக்கிறவர்கள் நம்பலாம். கோலார் தங்க வயலில் பிறந்த நீ எழுதலாமா? கீழே அடுப்பு மாதிரிக் கொதிக்கும். ஆண்கள் சட்டையைக்கூடக் கழற்றிவிடுவார்கள். மப்ளர் மேலே, ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில் தொங்கும். வியர்வையோடு மார்கழிக் குளிருக்குள் ஏறி வருகிறவன் முதலில் அதை எடுத்துக் கழுத்தில் சுற்றுவான். எந்த மப்ளரும் கீழே போனதில்லை. அதுவும் இது போன மாதம் பின்னியது.

இனி இப்படி எழுது: 'கழுத்து மப்ளர். கைப்பின்னல். நீளம் அறுபத்திரண்டு அங்குலம், அகலம் எட்டு. சாம்பல் நிறக் கம்பளி நூல். ஓரத்தில் ஒரு வரிசை சற்று இறுக்கம். பின்னியவர் சம்பங்கி மனோகர், நந்திதுர்க்.' வாங்குகிறவருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

பதிலைப் போனில் சொல்லாதே, கையால் எழுதி அனுப்பு. சாப்பாட்டைத் தவறவிடாதே.

அத்தை,
சம்பங்கி மனோகர்


பெங்களூரு
10 நவம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உத்தரவுப்படி கையால் எழுதுகிறேன். பேனா வாங்கவே கடைக்குப் போகவேண்டியிருந்தது.

தப்புதான். கோபப்படாதீர்கள். ஆனால் நீங்கள் எழுதிய விளக்கத்தைப் போட்டால் உங்கள் மப்ளரும் மற்ற நாலாயிரம் மப்ளரும் ஒன்றுதான். நான் இதற்கென்று ஒரு வகுப்பு படித்தேன். தலைப்பில் ஆட்கள் தேடுகிற வார்த்தை இருக்கவேண்டும். வெளிச்சத்தில் எடுத்த ஏழு படம் வேண்டும். ஏலத்தைக் குறைவாக ஆரம்பிக்கவேண்டும். கடைசியாக, செய்தவரைப் பற்றி மூன்று வரி. அந்த மூன்று வரிக்காகத்தான் ஒருவர் இன்னொருவரை முந்திக்கொண்டு ஏலம் கேட்கிறார். உங்கள் மப்ளருக்குப் பதினேழு பேர் கேட்டார்கள், அத்தை. ஏலம் கேட்க ஆரம்பித்த பிறகு விளக்கத்தை மாற்ற இணையதளம் விடாது.

மாமாவை நான் மறப்பேனா? கடைசியில் அவர் வாயில் கஞ்சித் தண்ணீர் விட்டதே நான்தானே. 'இன்னா மம்மு, உப்பே இல்ல' என்று அந்த நிலையிலும் குறை சொன்னார்.

இரண்டாவது மப்ளரையும் அதே விளக்கத்தோடு போட்டுவிட்டேன். மூன்றாவதற்கு ஒழுங்காக எழுதுகிறேன்.

ஒரு விஷயம். முதல் மப்ளரை வாங்கிய அம்மா எழுதியிருக்கிறார். பார்சலைப் பிரித்தபோது மப்ளர் ஈரமாகவும் சூடாகவும் இருந்ததாம். பாறைத் தூள் வாசனையாம். 'நீங்கள் எழுதியபடியே இருக்கிறது' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். துவைத்துக் காயாமல் மடித்துவிட்டீர்களா?

உங்கள்,
மமதா


நந்திதுர்க்
21 நவம்பர் 2024

அன்புள்ள மமதா,

ஈரத் துணியை மடிப்பவள் நான் இல்லை. மூன்று நாள் வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அந்துருண்டை வைத்து அனுப்பினேன்.

இந்தக் கையெழுத்தைப் பார்த்து நான் அவசரத்தில் எழுதியதாக நினைக்காதே. உன் கடிதம் வந்த வாரத்திலிருந்து விரல்கள் நடுங்குகின்றன. கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி வாங்கிக் கற்ற எழுத்து இப்படி ஆகிவிட்டது. டாக்டர் நரம்பில் ஒன்றும் இல்லை என்கிறார்.

நேற்று மங்கம்மா வந்தாள். உனக்குத் தெரியும், மாமா இறந்த அன்று ஊருக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

"இன்னா கான்வென்ட்டக்கா, கை இப்டி ஆடுது?" என்றாள்.

"வயசாகிறது" என்றேன்.

"வயசு இல்லக்கா. மேல வராத மனுசனுக்கு இன்னும் பின்னிக்கினே கீறீங்களே, அதான். உடம்பு கிடைச்சிருந்தா மனசு ஆறியிருக்கும்."

யாரைச் சொல்கிறாள் என்று கேட்டேன். "வேற யாரு, உங்க வீட்டுக்காரருதான்" என்றாள். காபி போட்டதை ஞாபகப்படுத்தினேன். அவள் மறுக்கவில்லை. என் முழங்கையைத் தடவி, "சரிக்கா, சரிக்கா" என்றாள். பைத்தியக்காரியிடம் பேசுவது போல.

அவளுக்குப் போன் கிடையாது. படிக்கத் தெரியாது. உன் விளக்கத்தை அவள் பார்த்திருக்க முடியாது.

இரண்டாவது மப்ளரை ஏலத்திலிருந்து எடுத்துவிடு. காரணம் கேட்காதே.

அத்தை,
சம்பங்கி மனோகர்


பெங்களூரு
30 நவம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இரண்டாவதும் முடிந்துவிட்டது. இந்தத் தடவை நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். மங்கம்மாக்காவுக்கு எண்பது ஆகிறது. அவர் பேச்சைப் போய் மனதில் வைத்துக்கொள்வீர்களா?

ஏலம் நடக்கும்போது ஒருவர், 'விபத்து எந்த வருடம் நடந்தது?' என்று கேட்டார். கேள்விக்கு உடனே, திட்டவட்டமாகப் பதில் சொன்னால்தான் நம்பிக்கை வரும். வகுப்பில் அதைத்தான் முக்கியமாகச் சொன்னார்கள். 1984, இரவு ஷிப்ட் என்று போட்டேன். வாய்க்கு வந்த வருடம். அதற்கப்புறம்தான் ஏலம் ஏறியது.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று கேட்கிறேன். கை நடுங்குகிறது என்றீர்களே, பின்னும்போது பவ்யாவை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகம் வேண்டாம். விரல்கள் மட்டும் போதும்.

உங்கள்,
மமதா


நந்திதுர்க்
12 டிசம்பர் 2024

மமதா,

வீடியோ வராது.

முன்னறைச் சுவரில், சுரங்கம் மூடிய வருடம் ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் இருக்கிறதே, அதைத் துடைக்க இறக்கினேன். இரண்டாவது வரிசையில் மாமா, அவருக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணப்பா, அந்தப் பக்கம் ஆர்தர். இருபத்து மூன்று வருடமாகப் பார்க்கிற படம். இப்போது கிருஷ்ணப்பாவுக்கும் ஆர்தருக்கும் நடுவில் யாரும் இல்லை. ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் இருக்கிறது. இருவருடைய கையும் அந்த வெறும் இடத்தின் மேல், தோளில் போட்ட மாதிரி நிற்கிறது.

படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, சாம்பியன் ரீப்ஸில் ஆர்தர் வீட்டுக்குப் போனேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அந்த இடம் மனோகருக்கு விட்டது சிஸ்டர். நாங்கதான் போட்டோக்காரன்கிட்ட சொல்லி விட்டோம்" என்றார். "போயி அப்பவே பதினேழு வருசம் ஆச்சே. ஆணியில மாட்டுன மப்ளரை நான்தானே கொண்ணாந்து உங்க கையில குடுத்தேன்."

"2016-ல் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தது யார், ஆர்தர்?" என்று கேட்டேன்.

"யாரு பாடைக்கு?" என்றார்.

அவர் பொய் சொல்லும் மனிதர் அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மமதா, நான் படித்தவள். பேய் பிசாசு பேச்சை என் வீட்டில் அனுமதித்ததில்லை. ஆனால் நீ எழுதியது ஒவ்வொன்றாக நடந்திருக்கிறது. முதலில் மப்ளருக்கு, பிறகு என் விரலுக்கு, இப்போது அவருக்கு. 1984-க்குப் பிறகு அவரும் நானும் வாழ்ந்த முப்பத்திரண்டு வருடத்தை நீ ஒரு வரியில் எடுத்துவிட்டாய். அதை நீதான் திருப்பித் தரவேண்டும்.

இத்துடன் புதிய மப்ளர் ஒன்று. இதற்கான விளக்கம் கீழே. ஒரு சொல்லையும் மாற்றாதே.

'பின்னியவர் சம்பங்கி. இவருடைய கணவர் மனோகர் ஒவ்வொரு ஷிப்டிலும் மேலே வந்தார். தொண்ணூற்று மூன்றில் ரேடியோவுக்காகச் சண்டை போட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தார். பேத்தமங்களா ஏரிக்கு மாதம் ஒரு முறை மீன் வாங்கப் போய், மீன் இல்லாமல் திரும்பி வருவார். தம் வீட்டில், தம் கட்டிலில் இறந்தார்.'

சம்பங்கி மனோகர்


பெங்களூரு
24 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

சொன்னபடி ஒரு சொல்லையும் மாற்றாமல் போட்டேன். ஏழு நாளும் முடிந்துவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தவர்களே மூன்று பேர்தான். யாரும் ஏலம் கேட்காத பக்கத்தை இணையதளமே நீக்கிவிடும். இதுவும் போய்விட்டது.

உங்கள் வரிகளைப் படித்து அழுதேன், அத்தை. மாமா மேலே வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ரேடியோ சண்டை, மீன் கிடைக்காத ஏரி, எல்லாம் நடந்தது போலவே எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தீர்களா? எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நான் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே போய்விட்டார். அம்மா இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணனுக்கென்று ஓர் இலை தனியாகப் போடுவார்.

இங்கே என்னோடு வந்து இருங்கள். தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், மிகவும் பொறுமையாகப் பேசுவார். பின்னிய மப்ளர் வேறு இருந்தால் கொண்டுவாருங்கள். பழைய விளக்கத்தையே போடலாம். அது உண்மை என்பதால்தான் அத்தனை பேர் கேட்டார்கள்.

உங்கள்,
மமதா


நந்திதுர்க்
2 ஜனவரி 2025

அன்புள்ள மமதா,

உன் கடிதத்தில் பொய் இல்லை என்று தெரிகிறது. நீ பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் நவம்பர் பத்தாம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை உனக்கு அனுப்பப்போவதில்லை. அனுப்பினால் படித்துப் பார்த்து, என் மீது இரக்கப்பட்டு, அதையே திருப்பி எழுதுவாய். எனக்கு நகல் வேண்டாம். நானும் அதைப் பிரிப்பதில்லை. பிரித்துப் பார்க்கும்போது, மாமா சொன்னதாக நீ எழுதிய அந்த வரி இல்லாவிட்டால் என்ன செய்வது?

நான் பெங்களூருக்கு வரவில்லை. இந்தக் கட்டில் இங்கே இருக்கும்வரை நானும் இங்கேதான். பின்னுவதை நிறுத்திவிட்டேன். மிச்ச நூலைப் பவ்யாவுக்குக் கொடுத்துவிட்டேன். நான் செய்த எதைப் பற்றியும் இனி யாரும் மூன்று வரி எழுதவேண்டாம்.

தினமும் காலையில் அவருடைய முப்பத்திரண்டு வருடத்தை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், பள்ளியில் வாய்ப்பாடு சொன்னது போல. எண்பத்தாறில் டைபாய்டு. எண்பத்தொன்பதில் கூரை மாற்றியது. பல்செட் கட்டிய வருடம். போன வாரம் வரை நடுவில் நிற்காமல் சொன்னேன். நேற்று கடைசி நாளுக்கு வந்தபோது நின்றுவிட்டேன். கட்டில் தெரிகிறது. ஜன்னல் பாதி திறந்திருப்பது தெரிகிறது. அவர் வாயைத் திறந்து எதையோ சொல்கிறார். என்ன என்பது வரவில்லை. இதை ஒப்புக்கொள்வது எனக்கு எளிதல்ல என்று உனக்குத் தெரியும்.

அந்த அறையில் அவரைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தோம். நான், நீ.

யாரையும் கேட்காதே. இணையதளத்தைப் பார்க்காதே. கண்ணை மூடிக்கொண்டு சற்று உட்கார். பிறகு, உன் மாமா கடைசியாக உன்னிடம் என்ன சொன்னார் என்று எழுது. ஒரு வரி போதும். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் அதையாவது எழுது. போனில் சொல்லாதே, தபாலில் அனுப்பு.

அத்தை,
சம்பங்கி மனோகர்