தட்டில் மிஞ்சிய கை

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.

அன்புத் தங்கை குமுதினிக்கு,

நீயும் றொஷானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடி எழுதுகிறேன். ஒரே நகரத்துக்குள் ஈஸ்ட் ஹாமிலிருந்து தோர்ண்டன் ஹீத்துக்குக் கடிதம் போடுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் போன் எடுத்தால் நீ பேசமாட்டாய். பேசாமல் இருக்க உனக்கு நியாயமும் உண்டு.

அம்மாவின் மரண அறிவித்தலை எழுதியது நான்தான். நீ றொஷானைக் கட்டி, அவனுடைய சபையில் ஞானஸ்நானம் எடுத்த கோபம் எட்டு வருடமாகியும் எனக்குத் தீரவில்லை. பிள்ளைகளின் வரிசையில் உன் பெயரை விட்டேன். நம் ஆட்கள் அறிவித்தலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். தெரிந்தே செய்தேன். அதைப் பார்த்துத்தான் அம்மா போனதே உனக்குத் தெரிந்திருக்கும். தகனச்சாலையில் நீ கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனாய். பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நின்றேன்.

லீவு முடிந்து மியூசியத்துக்குப் போனேன். நான் காவல் நிற்கிற அறையில் ஐந்நூறு வருடப் பழைய இத்தாலியத் தட்டு ஒன்று இருக்கிறது. யேசுவை அடக்கம் செய்கிற காட்சி. அன்றைக்கு எங்கள் அதிகாரி ஒருத்தி வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த வேதப் படங்கள் ஊர் ஊராகப் போகுமாம். தட்டும் அலுமாரியும் செய்கிறவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் வரைவார்களாம். இந்தத் தட்டுக்குப் பார்த்த படத்தில் மூன்று பெண்கள். தட்டில் இடம் போதாமல், வரைந்தவன் ஓரத்தில் நின்றவளை விட்டுவிட்டான். அவளுடைய கையை மட்டும் மறந்துபோய் வரைந்துவிட்டான். ஆளில்லாத ஒரு கை யேசுவின் காலைப் பிடித்தபடி இருக்கிறது.

ஆறு வருடம் அதன் பக்கத்தில் நின்றும் எனக்கு அது கண்ணில் படவில்லை. அன்றைக்குக் கிட்டப் போய் அந்தக் கையைப் பார்த்தேன். வரைந்தவனுக்காவது இடமில்லை என்று ஒரு சாட்டு இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் அம்மா, "குமுதினி வாறாளோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ஓம், வந்துகொண்டிருக்கிறாள்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். உனக்கு அறிவிக்கவேயில்லை. கடைசி நாள் தன் கால்களைத் துடைத்துவிட்ட நேர்ஸை நீ என்று நினைத்து, "வந்திட்டியா பிள்ளை" என்றார். அது நீயில்லை என்று நான் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை. அடுத்த ஞாயிறு அம்மாவின் முப்பத்தோராம் நாள். அன்றைக்குக் கொடுக்கிற நினைவு மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உன் பெயரும் றொஷானின் பெயரும் எழுதிவிட்டேன். சடங்கில் நீ நிற்க வேண்டாம், வந்து ஒரு பிடி சாப்பிட்டால் போதும்.

பேரப்பிள்ளைகளில் உன் மூத்தவள் தர்மிகாவையும் எழுதினேன். தகனச்சாலையில் உன் தோளில் நித்திரையாகக் கிடந்த சின்னவனின் பெயர் எனக்குத் தெரியாது. தாய்மாமன் நான், யாரிடம் போய்க் கேட்பேன்? இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

நீ வராவிட்டாலும், அவன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு, பிள்ளை.

உன் அண்ணன்,
சற்குணம்